அண்ணன் முறை

ஸ்டில்வெல், ஒக்லஹோமா
13 பிப்ரவரி 2011

கர்த்தருக்குள் என் தங்கையான ரோவீனாவுக்கு,

'அன்பான' என்று எழுதத்தான் தொடங்கினேன். கை ஓடவில்லை. இல்லாததை எழுதுவதும் பொய்ச்சாட்சிதான், ஆகவே விட்டுவிட்டேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நீ வண்டிக் கதவை அறைந்து சாத்தினாயே, அந்தச் சத்தம்தான் உன்னிடமிருந்து நான் கடைசியாகக் கேட்டது. ஆறு வருடமாகிறது. போனில் கூப்பிடலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். அதை இறங்கவிட எனக்கு இஷ்டமில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் அவரைக்காய்க் குழம்பும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஏமஸ் டீஹீ ஒரு மிசௌரிப் பத்திரிகையைக் கொண்டுவந்து கரண்டிக்குப் பக்கத்தில் விரித்தான்.

"ஓலீட்டாக்கா, இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"யாரோ சினிமாக்காரி. தள்ளு, குழம்பு சிந்தப்போகுது."

"மூக்கைப் பாருங்கக்கா."

பார்த்தேன். அம்மாவின் மூக்கு.

அடியே, உனக்கு ஐம்பத்து நாலு வயது. பிறந்த நாளிலிருந்து உன் முடி தோளைத் தாண்டி வளர்ந்ததில்லை. இடுப்பு வரை இரட்டைச் சடை தொங்குகிறதே, அது யார் தலையில் முளைத்தது? உன் பக்கத்தில் உன் புருஷன். நம் செரோக்கி ஜனத்தில் எவனும் எந்தக் காலத்திலும் தலையில் வைக்காத இறகுக் கிரீடத்தை வைத்துக்கொண்டு, விற்காமல் நின்றுபோன வான்கோழி மாதிரி நிற்கிறான். 'நீலப்பாறை செரோக்கிக் குடியின் தலைவர் ட்வைட் ஹாஸ்கியூ.' பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவனுக்கு யார் குடி கொடுத்தார்கள்?

அதோடு நின்றிருந்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கீழே படித்தேன். தங்களைப் பழங்குடியாக அங்கீகரிக்கும்படி மாநிலச் சட்டசபைக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம். தங்கள் குடியின் மூத்த தாய் டார்கஸ் கெட்சர் என்று அதில் எழுதியிருக்கிறார்களாம். நம் அம்மா! மிசௌரி எல்லையை மிதிக்காத நம் அம்மா! கூட்டம் கூடும்போதெல்லாம் அம்மாவின் குரலில் ஒரு பாட்டை ஒலிநாடாவில் போட்டு விருந்தாளிகளை வரவேற்கிறார்களாம். என்ன பாட்டு என்று ஏமஸ் விசாரித்துச் சொன்னான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுகிற பாட்டு, ரோவீனா. அதைப் போட்டுவிட்டு எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள்.

சபைச் சமையலறைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். எதையும் ஒரு தலைப்புப் போட்டுத்தான் யோசிப்பேன். இதற்கு நான் போட்ட தலைப்பு, திருட்டு.

அம்மாவின் பெயரை அந்த மனுவிலிருந்து எடு. ஒலிநாடாவை எனக்கு அனுப்பு. செய்யாவிட்டால் நான் செய்வேன். பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று பாஸ்டர் சொல்வார். அவருக்கு எவ்வளவோ வேலை. கொஞ்சம் ஒத்தாசை செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓலீட்டா


நீலப்பாறை, மிசௌரி
27 பிப்ரவரி

அக்கா,

ஆறு வருடம் கழித்து ஒரு கடிதம். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நீ மாறவே இல்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷம். நான் நலம். முட்டி வலிக்கிறது.

திருட்டு என்கிறாய். அந்த ஒலிநாடாவைப் பதிவு செய்தவள் யார்? நான். அம்மா ரொட்டி மாவு பிசைந்துகொண்டே பாடினாள். நான் மேஜைக்கடியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அப்போது எங்கே இருந்தாய்? சபையில், எல்லோருக்கும் முன்னால், சத்தமாக, தப்பில்லாமல் பாடிக்கொண்டிருந்தாய். நான் நம் பாஷையில் ஒரு வரி பாடினால் பின்பெஞ்சில் சிரிப்பார்கள். "ரோவீனா பாடுறா, கோழி முட்டை போடுது" என்று சொன்னது உன் சிநேகிதிதானே? நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன்.

இங்கே யாரும் சிரிப்பதில்லை. நான் வாயைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். என்னைத் 'தாயே' என்று கூப்பிடுகிறார்கள். உன் பர்ஸில் செரோக்கி என்பதற்கான நீல நிற உறுப்பினர் அட்டை இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. அந்த அட்டை என்னை ஒருநாளாவது சாப்பிடக் கூப்பிட்டதா?

இன்னும் ஒன்று சொல்கிறேன், கேள். எனக்குப் பத்தொன்பது வயது. ஸ்ட்ராபெரித் திருவிழாவில் ஏமஸும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு நீ வீட்டுக்கு ஓடினாய். நான் திரும்பி வந்தபோது அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். "அவன் ஓநாய்க் குலம், நீயும் ஓநாய்க் குலம். அவன் உனக்கு அண்ணன் முறைடி! கூடப்பிறந்தவனைக் கட்டிக்கப் போறியா?" என்றாள். ரத்தத்தில் ஒரு சொட்டு ஒட்டில்லை. அவன் அம்மாவும் நம் அம்மாவும் ஒரே குலம், அவ்வளவுதான். ஏமஸ் மறுவாரம் எனக்கு வணக்கம் சொல்லும்போது "தங்கச்சி" என்றான். அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

சரி, குலமே இல்லாதவனைக் கட்டிக்கொண்டால் யார் என்ன சொல்வார்கள் என்று வெள்ளைக்காரனைக் கட்டினேன். அப்போதும் நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. உங்களுக்கு எதுதான் பிடிக்கும்?

இப்போது ட்வைட்டுக்கும் குலம் இருக்கிறது. இங்கே ஆளாளுக்குக் குலம் கொடுத்தோம். அவன் என்னுடையதையே எடுத்துக்கொண்டான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே குடும்பப்பெயர் இருப்பது மாதிரிதானே என்றான். ஒரே வீடு, ஒரே குலம்.

இந்த நீலப்பாறைக்காரர்களின் கொள்ளுப்பாட்டிகள் அந்தக் காலத்தில் பட்டாளத்துக்காரன் நம் ஜனத்தை மேற்கே நடத்திக்கொண்டு போனபோது நழுவி மலையில் ஒளிந்தவர்கள். அரசாங்கப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ரத்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

ஒலிநாடா தரமாட்டேன். அம்மா உனக்கு மட்டும் அம்மா இல்லை.

ரோவீனா


ஸ்டில்வெல்
12 மார்ச்

ரோவீனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பன்றிக் கொழுப்பில் காட்டு வெங்காயத்தை வதக்கிக்கொண்டே படித்தேன். கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்தான்.

மலையில் ஒளிந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஒளிந்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒளிந்தவர்கள் பாஷையை மறந்து, பாட்டை மறந்து, யார் மாமன் யார் மச்சான் என்பதை மறந்து, ஆதாரம் என்று காட்டுகிற அந்தக் கன்னத்து எலும்பை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வைத்தார்களா? இங்கே வருகிற சுற்றுலாக்காரர்களில் பாதிப்பேருக்குக் கொள்ளுப்பாட்டி செரோக்கி இளவரசி. ராஜாவே இல்லாத ஜனத்தில் இத்தனை இளவரசிகள் எப்படிப் பிறந்தார்கள் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அது போகட்டும். சண்டை போட எழுதவில்லை. இரவு ஜெபத்தில் உன்னை நினைத்தேன், மனம் கொஞ்சம் இளகிற்று. ட்வைட்டுக்கும் நம் குலம் என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓநாய்க் குலமா? நிச்சயமாகவா? பறவை, மான் என்று எதையாவது எடுக்காமல் நம்முடையதையே எடுத்தானா? எவ்வளவு பிரியம்!

அதை அவன் வாயாலேயே சொல்வானா, அல்லது உன்னிடம் மட்டும் சொன்னதா? சட்டசபைக் குழு விசாரிக்கும்போது பொதுஜனம் வரலாமா? தேதியும் இடமும் எழுது. வந்தாலும் வருவேன். தங்கை மேடையேறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டாமா?

முட்டிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு.

ஓலீட்டா


நீலப்பாறை
30 மார்ச்

அக்கா,

நீ பிரியம் என்ற சொல்லை எழுதியதைப் பார்த்து நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஜெஃபர்சன் சிட்டி, சட்டசபைக் கட்டடம், கீழ்த்தளத்தில் விசாரணை அறை. யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் பெயர் கொடுத்தால் பேசவும் விடுவார்கள். ஆதரவு என்றும் எதிர்ப்பு என்றும் இரண்டு தாள் இருக்கும். எதில் எழுதுவாய் என்று நான் கேட்கவில்லை.

அவன் வாயால் சொல்வானா என்று கேட்டாய். மைக் கிடைத்தால் ட்வைட் சொல்லாமல் விட்டது எது? எழுதியே வைத்திருக்கிறான். கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சில் கைவைத்து, "ஓநாய்க் குலத்தில் வந்தவன் நான்" என்று தினமும் பழகுகிறான். நான் காப்பி குடித்துக்கொண்டே கேட்கிறேன்.

அன்று நான் பேசப்போவதில்லை. டெனீஸ் பேசுவாள். டெனீஸ் இங்கே அலுவலகத்தில் இருப்பவள். மஞ்சள் முடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, வெயிலில் படுத்து உடம்பைக் கறுக்க வைத்திருக்கிறாள். படத்தில் நன்றாக விழுகிறாள் என்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமாம், சடையோடு.

நீ வரமாட்டாய். மலைப்பாதை வளைவுக்கே உனக்குத் தலைசுற்றும். வெள்ளைக்காரர் நிறைந்த அறையில் எழுந்து நிற்க உனக்கு ஏது தைரியம்? உன் அதட்டலெல்லாம் சபைச் சமையலறையில்தான். வந்துதான் பாரேன்.

ரோவீனா


ஸ்டில்வெல்
30 ஏப்ரல்

ரோவீனாவுக்கு,

வந்தேனா இல்லையா?

நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய், நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதும்போது மறுபடி ஒருமுறை நடக்கிறது. அந்த ருசியை விட எனக்கு மனமில்லை. கர்த்தர் மன்னிப்பாராக. மன்னிக்க அவசரமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஏமஸ்தான் சபை வேனை ஓட்டினான். வண்டி நிறைய நம் ஆட்கள். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்ப்புத் தாளில் என் பெயரை எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

உன் புருஷன் பேசினான், அந்த டெனீஸ் பேசினாள். 'எங்கள் மூத்த தாய் டார்கஸ் கெட்சர்' என்று அவள் அம்மாவின் பெயரை உச்சரித்தபோது என் கைப்பையின் வார் அறுந்துபோனது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் ட்வைட்டைப் பார்த்துத்தான் கேட்க வாயெடுத்தேன். குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அம்மா, எதுவா இருந்தாலும் என்னைப் பார்த்துப் பேசுங்க. அவர்கிட்ட நேரா கேட்கக் கூடாது" என்றார்.

"சரிங்கய்யா. அப்போ நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அவர் என்ன குலம்?"

அவர் கேட்பதற்குள்ளே உன் புருஷன் எழுந்துவிட்டான். கிரீடம் ஒரு பக்கம் சரிய, நெஞ்சில் கை. "ஓநாய்க் குலம்! பரம்பரை ரத்தம்!"

"ரொம்ப சந்தோஷம். அவர் சம்சாரம் என்ன குலம்னும் கேளுங்கய்யா."

"அவளும் ஓநாய்க் குலம்தான். ஒரே வீடு, ஒரே குலம்!" என்றான். டெனீஸ் கை தட்டினாள்.

எனக்குப் பின்னால் ஏமஸ் சிரித்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் பெஞ்சே சிரித்தது. தலைவர் சுத்தியலைத் தட்டினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

நான் சொன்னேன். நடுங்காமல் சொன்னேன். நீ கேட்டாய் அல்லவா?

"அய்யா, எங்க ஜனத்துல தாய்வழியாத்தான் குலம் வரும். ஒரே குலத்துல பிறந்தவங்க கூடப்பிறந்தவங்க. எந்த ஊர்ல, எந்த வீட்ல பிறந்தாலும் சரி. ஓநாய்க் குலத்து ஆம்பளைங்க எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி. பால் குடிக்கிற வயசுலயே எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துருவாங்க. இப்போ இவர் சொல்றது நிஜம்னா, இருபத்தாறு வருஷமா இவர் கூடப்பிறந்த தங்கச்சியோட குடித்தனம் பண்றார். பொய்னா, இவர் செரோக்கி இல்ல. ரெண்டுல எதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

உன் புருஷன் முகத்தில் ஏறிய சிவப்பைப் பார்த்தாயா? அந்த மாதிரிச் சிவப்பு எங்கள் தோட்டத்து ஸ்ட்ராபெரிக்கு வந்தால் நான் பணக்காரி. டெனீஸ் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

"அப்போ... நான் பறவைக் குலத்துக்கு மாறிக்கறேன்."

ஏமஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். குழுவில் இருந்த இளம்பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மாத்திக்கலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டாள். "சட்டையை மாத்தலாம், கண்ணு" என்றேன்.

மனு கிடப்பில். அடுத்த வாரமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை என்று அந்தத் தலைவரே வராந்தாவில் சொன்னார்.

உன்னைத்தான் நான் அடித்தேன், ரோவீனா. ட்வைட்டை அல்ல. அவன் யார் எனக்கு? 'தங்கச்சியோட குடித்தனம்' என்று சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அம்மாவின் பெயரைக் கடைச்சரக்காக்கினவளின் பெயர் சபையில் சந்தி சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். கர்த்தர் கேட்டார்.

ஒன்றுதான் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அந்தச் சடையைக் கழற்றி, மேஜைமேல் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உன் குட்டை முடியைக் கோதிக்கொண்டாய். சிரித்தாய். ஏன்?

அம்மாவின் ஒலிநாடாவை அனுப்பு. இனி உனக்கு அது எதற்கு?

ஓலீட்டா


ஸ்பிரிங்ஃபீல்ட், மிசௌரி
12 மே

அக்கா,

விலாசம் மாறியிருப்பதைப் பார். சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை. நாள் முழுக்கத் தரை அதிர்கிறது, சோப்பு வாசனை. மோசமில்லை.

ஏன் சிரித்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன். உட்கார்ந்து படி.

அண்ணன் முறை என்ற சொல்லுக்காக ஏமஸை விட்டவள் நான். அந்தச் சொல்லை முப்பத்தைந்து வருடம் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவள். ட்வைட் வந்து "நானும் ஓநாய்" என்று சொன்ன நாளில் அதன் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? உனக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. முதலில் சிரிப்பு வந்ததால் சொல்லவில்லை. அப்புறம், என்றைக்காவது உதவும் என்று வைத்துக்கொண்டேன்.

உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதியபோது நிஜமாகவே உன்மேல்தான் கோபம். அதில் எழுதியதெல்லாம் நிஜம். இவர்கள் என்னை மதித்தார்கள், அதுவும் நிஜம். கொஞ்சகாலம்.

அந்தச் சடை பத்திரிகைப் படத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் கூட்டத்துக்கெல்லாம் வேண்டும் என்றார்கள். மார்ச் மாதம் ஒருநாள் ட்வைட் என்னை உட்கார வைத்துச் சொன்னான்: "கோவிச்சுக்காதே ரோவீனா. குட்டை முடி, கண்ணாடி, ஸ்வெட்டர்... நீ பார்க்க நிஜமான பழங்குடி மாதிரி இல்ல. டெனீஸ் பேசட்டும்."

அக்கா, அந்த மலையடிவாரத்தில் நிஜமான செரோக்கி நான் ஒருத்திதான். நான் நிஜம் மாதிரி இல்லையாம்.

அந்தப் பாட்டு பெட்டி இறக்கும் பாட்டு என்று நான் சொல்லியிருந்தேன். "யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். தெரிந்த ஒருத்தியை நான் அறிவேன். எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எதைச் சொன்னால் எழுந்து வருவாள் என்பதும் தெரியும். அந்த வாரமே உன் கடிதம் வந்தது, 'எவ்வளவு பிரியம்' என்று. நீ கத்தியைத் தீட்டுகிறாய் என்று புரிந்துவிட்டது. தேதி எழுதினேன், இடம் எழுதினேன், எதிர்ப்புக்குத் தனித் தாள் இருக்கும் என்பதுவரை எழுதினேன். அப்படியும் நீ மலைப்பாதைக்குப் பயந்து நின்றுவிடுவாயோ என்று கடைசிப் பத்தியில் கொஞ்சம் சீண்டிவிட்டேன். உனக்குத் தைரியமில்லை என்று யாராவது சொன்னால் நீ செவ்வாய்க் கிரகத்துக்கும் வேன் பிடிப்பாய்.

நீ என்னை அடித்ததாக எழுதியிருந்தாய். இல்லை அக்கா. உன் கையைப் பிடித்து நான்தான் அடித்தேன். அவனையும் அடித்தேன், உன்னையும் அடித்தேன். என்னை ஏமஸிடமிருந்து பிரித்த அதே சொல்லை, அதே வாயால், நீ அத்தனைபேர் முன்னால் எனக்காகச் சொன்னாய். நீ வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சொன்னாய். அதனால்தான் சிரித்தேன்.

டெனீஸ் இப்போது பறவைக் குலமாம். அவனும் பறவைக்கு மாறிவிட்டான். தலையில் அடித்துக்கொள். இப்போது இவளும் அவனுக்குத் தங்கை முறை, எத்தனை சொன்னாலும் அவர்களுக்கு ஏறாது.

அம்மாவின் பெயரை மனுவிலிருந்து வெட்டிவிட்டார்கள். நான் கூட நின்று பார்த்தேன்.

ஒலிநாடாவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொள். கடைசிச் சரணம் இல்லை. அந்த இடத்தில் ட்வைட் தன் குரலைப் பதிந்துவிட்டான். "நீலப்பாறை மக்களே, வருக வருக" என்கிறான், அதற்கு முன்னால் ஒரு முரசுச் சத்தம். எனக்குத் தெரியாமல் செய்தது. தெரிந்த அன்றுதான் நான் பெட்டியைக் கட்டினேன்.

உனக்கும் எனக்கும் இனிப் பாக்கி இல்லை. நீ பதில் போட வேண்டாம்.

ரோவீனா


ஸ்டில்வெல்
20 மே

ரோவீனாவுக்கு,

பதில் போடாதே என்று நீ சொன்னால் நான் போடாமல் இருப்பேனா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்தேன். அவரைக்காய்க் குழம்பு தீய்ந்தது. அந்தப் பாத்திரத்தை இரண்டு நாள் ஊறப்போட்டும் போகவில்லை. அதுவும் உன் பெயரில்தான். என்னை வேன் வைத்து வரவழைத்து, வழியெல்லாம் குடல் வெளியே வர வைத்து, உன் வீட்டுச் சண்டைக்கு என் வாயைக் கடன் வாங்கியிருக்கிறாய். நான் என்னவோ கர்த்தருக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு முழங்காலிட்டு நன்றி வேறு சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று இப்போதுதான் தெரிகிறது. வெட்கம் பிடுங்குகிறது.

இதை ஏமஸிடம் சொன்னேன். "அவ அப்படியே உங்க அம்மாதான், அக்கா" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவைப் போல் இருப்பது நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒலிநாடாவைப் போட்டேன். அம்மா பாடுகிறாள். மாவு பிசைகிற சத்தம் கேட்கிறது. பலகை ஆடுகிறது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, "ரோவீனா, காலை மடக்கிக்கோ, மிதிச்சிடப் போறேன்" என்கிறாள். அப்புறம் பாடுகிறாள். கடைசிச் சரணம் தொடங்கும் மூச்சை இழுக்கிறாள். அந்த மூச்சோடு முரசு.

மறுபடி போட்டேன். மறுபடியும் முரசு.

அந்தச் சரணத்தை நாங்கள் சபையில் பாடுவது வேறு மெட்டு. அம்மா வீட்டில் எப்படி முடிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. நான் அந்தச் சமையலறையில் இருந்ததில்லை. நீ மேஜைக்கடியில் இருந்தாய். அந்த முடிவு இப்போது இந்த உலகத்தில் உன் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஒரு சலவைக்கடைக்கு மேலே.

பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறாய். கணக்கை முடிக்கிறது நீயா, நானா? என் பக்கத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிறு, நீ நம் சபையில் நிற்க வேண்டும். சடை கூடாது, இறகு கூடாது. உன் குட்டை முடியோடும் கண்ணாடியோடும் அந்த ஸ்வெட்டரோடும் நிற்க வேண்டும். பாடல் நேரத்தில் பாஸ்டர் உன் பெயரைக் கூப்பிடுவார். அவரிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் பாட வேண்டும், முதலிலிருந்து கடைசிவரை, நம் பாஷையில், அம்மா முடித்தது போலவே. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அதே பின்பெஞ்சில்தான் இன்னும் உட்காருகிறார்கள். உன் உச்சரிப்பு இப்போது இன்னும் மோசமாகியிருக்கும். சிரிப்பார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல் சிரிப்பேன். நீ நிறுத்தக் கூடாது. சரணம் முடிந்தபின்தான் உன்னை உட்காரவிடுவேன். இதுதான் என் பழி. இதற்குக் குறைந்து நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அன்று சாப்பாட்டுக்கு உன் பெயரையும் சேர்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவுகிறவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீய்ந்த பாத்திரம் காத்திருக்கிறது.

நீயாக பஸ் பிடித்து வருவாய் என்று நம்பி நான் ஏமாற மாட்டேன். சனிக்கிழமை காலை வேன் உன் சலவைக்கடை வாசலில் வந்து நிற்கும். பெட்டியைக் கட்டிவை. ஓட்டி வருகிறவன் ஏமஸ். அவன் இன்னும் தனியாகத்தான் இருக்கிறான். உன் பெயரைச் சொன்னதும் வேனை இரண்டுமுறை கழுவினான்.

மனதில் எதையும் வளர்த்துக்கொள்ளாதே, ரோவீனா. நம் குலம் மாறவில்லை, நாமும் பறவைக்கு மாறுகிற ஆட்கள் இல்லை. அவன் உனக்கு அன்றும் அண்ணன் முறை, இன்றும் அண்ணன் முறை.

தங்கையை வீட்டுக்கு அழைத்துவர அண்ணன்தான் வர வேண்டும்.

அன்பான அக்கா
ஓலீட்டா